ஏரிக்கரையில் கொசுக்கடி குறைய, காற்றைப் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள இட்டாஸ்கா மாநிலப் பூங்காவுக்கு ஜூன், ஜூலையில் போகிறீர்களா? நடக்கத் தொடங்கும் முன் காற்றின் திசையைப் பாருங்கள். பூங்காவிலுள்ள இட்டாஸ்கா ஏரியைக் கடந்து காற்று வந்து மோதும் கரையில் நடங்கள். மேற்கிலிருந்து காற்று வீசினால் கிழக்குக் கரையை ஒட்டிச் செல்லும் பிரவர் பாதை மிகப் பொருத்தம். அருமையான பாதை அது.

கொசு மெதுவாகப் பறக்கும் பூச்சி. ஓரளவு காற்று இருந்தாலே அதனால் எதிர்த்துப் பறக்க முடியாது. நம் மூச்சிலிருந்து வரும் கரியமில வாயுவைக் கொண்டுதான் அது முக்கியமாக நம்மைக் கண்டுபிடிக்கிறது. காற்று அந்தத் தடயத்தையும் கலைத்துவிடுகிறது. திறந்த நீர்ப்பரப்பில் காற்றை மறிக்க மரங்கள் இல்லாததால் கரையில் அதன் வேகம் குறைவதில்லை.

காற்று அடங்கிய நாளிலும் அந்தி நேரத்திலும் இது பலிக்காது. பைன் மரங்கள் அடர்ந்த உட்காட்டிலும் சதுப்பு ஓரங்களிலும் கொசு விரட்டி கட்டாயம் வேண்டும். உண்ணிகளைக் காற்று ஒன்றும் செய்யாது. லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும் உண்ணி அங்கே உண்டு; அதனால் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், திரும்பியதும் குழந்தைகளின் முழங்கால் மடிப்பையும் காதோரத்தையும் அவசியம் பாருங்கள்.