ஸ்லோவேனியாவுக்கு இருவராகப் போக: கார் இல்லாமல் எட்டு இரவு, மூன்று ஊர்

ஐரோப்பாச் சுற்றுலாத் திட்டங்களில் ஸ்லோவேனியாவுக்கு அரை நாள் கிடைத்தாலே பெரிது. வெனிஸிலிருந்து வியன்னா போகும் வழியில் பிளெட் ஏரிக்கரையில் பேருந்தை நிறுத்துவார்கள். படம் எடுத்துக்கொள்ள ஒரு மணி நேரம், பிறகு மறுபடி ஏறச் சொல்லிவிடுவார்கள். அந்த ஊருக்கு இதைவிட அநியாயம் வேறில்லை. நானும் கணவரும் போன மே மாதம் எட்டு இரவு தங்கினோம், பேருந்திலும் ரயிலிலும்தான் சுற்றினோம். முதல்முறை ஐரோப்பா போகிறவர்களும் தைரியமாகச் செய்யக்கூடிய பயணம் இது. வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: மாதம், விசா

மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் ஏரிக்கரையில் நிற்க இடமிருக்காது.

ஸ்லோவேனியா ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகலாம். பணம் யூரோ. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாள் முன்பு வரைதான் அனுமதி. கடைசி வரை தள்ளிப்போடாதீர்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் தலைக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வாங்கியதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும்.

கணவன் மனைவி சேர்ந்து போனாலும் விண்ணப்பம் தனித்தனிதான். அதனால் தங்கும் விடுதி முன்பதிவில் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். செலவை ஒருவரே ஏற்கிறார் என்றால் அதைக் கடிதத்தில் எழுதி, திருமணச் சான்றிதழ் நகலையும் வையுங்கள். படிவத்தை நிரப்பும்போது ஸ்லோவேனியாவா ஸ்லோவாக்கியாவா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். இரண்டும் வேறு வேறு நாடுகள்.

படி 2: மூன்று ஊருக்கு மேல் பெட்டி தூக்காதீர்கள்

தலைநகர் லுப்லியானாவில் மூன்று இரவு, பிளெட்டில் மூன்று, கடலோரப் பிரானில் இரண்டு. சின்ன நாடு என்பதால் தினம் ஓர் ஊர் மாறலாமே என்று ஆசை வரும். மாறினால் பாதி நாள் பெட்டி கட்டுவதிலும் அறைச் சாவிக்குக் காத்திருப்பதிலும் போய்விடும்.

இன்னொன்று, ஊர் மாறும் நாள் ஞாயிறாக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளை மூட வேண்டும் என்பது அங்கே சட்டம். பேருந்துகளும் குறைவு. நாங்கள் பிளெட்டுக்கு ஞாயிறு பிற்பகல் போய்ச் சேர்ந்தோம். பால்கூட வாங்க முடியவில்லை. பையிலிருந்த ரொட்டியும் ஊறுகாயும்தான் அன்றைய சாப்பாடு.

படி 3: 'இருவர்' என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியை யாரும் எழுதுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

தமிழில் ஒருமை, பன்மை இரண்டுதான். ஸ்லோவேனிய மொழியில் இருமையும் உண்டு, இன்றும் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. 'யாஸ்' என்றால் நான். 'மி' என்றால் நாங்கள். நாங்கள் இருவர் மட்டும் என்றால் 'மித்வா'. நாம், நாங்கள் என்று கேட்பவரைச் சேர்த்தும் விலக்கியும் பேசத் தெரிந்த நமக்கு, இரண்டு பேருக்கென்று தனிச் சொல் இல்லை.

பெயர்ச்சொல்லும் மாறும். ஒரு டிக்கெட் 'ஏனா கார்தா', மூன்று டிக்கெட் 'த்ரி கார்தே', இரண்டு மட்டும் 'த்வே கார்தி'. லுப்லியானா பேருந்து நிலையத்தில் இரண்டு விரலைக் காட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "த்வே கார்தி" என்று நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார். நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் டிக்கெட் வந்தது. அன்றிலிருந்து காபிக்கு 'த்வே காவி, ப்ரோசிம்' என்று கேட்டுப் பழகினோம். ப்ரோசிம் என்றால் தயவுசெய்து, ஹ்வாலா என்றால் நன்றி. சைவம் சாப்பிடுகிறவர்கள் 'ப்ரெஸ் மேசா', அதாவது இறைச்சி இல்லாமல், என்பதையும் மனப்பாடம் செய்யுங்கள். பாலாடைக்கட்டியோ வால்நட்டோ வைத்துச் சுருட்டி வேகவைத்த ஷ்த்ருக்ளி, காளான் சூப், வால்நட் வைத்த பொதிட்சா ரொட்டி எல்லாம் கிடைக்கும். குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம்.

படி 4: லுப்லியானா, ஒரு குகை

நகரின் நடுப்பகுதியில் கார் ஓடாது. ஆற்றங்கரையில் நடந்துகொண்டே இருக்கலாம். நடுவில் இருந்த பழைய பாலத்தின் இருபுறமும் கட்டடக் கலைஞர் யோஷே பிளெச்னிக் இன்னும் இரண்டைச் சேர்த்ததால் உருவான 'மூன்று பாலம்', 1901இல் திறந்த டிராகன் பாலம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான்.

மூன்று பாலத்துக்கு எதிரே கவிஞர் பிரெஷெரன் சிலை நிற்கிறது. அவர் பார்வை போகும் திசையிலேயே நீங்களும் பாருங்கள். எதிர்த் தெருவில் ஒரு வீட்டுச் சுவரில் ஜன்னல் மாதிரி செதுக்கி, அதில் ஒரு பெண்ணின் உருவம் வைத்திருக்கிறார்கள். அவர் யூலியா, கவிஞருக்குக் கிடைக்காமல் போன காதலி. கவிஞர் இறந்த பிப்ரவரி 8ஆம் தேதி நாடு முழுவதும் விடுமுறை.

ஒரு பகலைக் குகைக்கு ஒதுக்குங்கள். பொஸ்தோய்னா குகையில் 1872இலேயே தண்டவாளம் போட்டுவிட்டார்கள். இன்றும் சிறு ரயிலில் உள்ளே கூட்டிப் போகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு அதுவே நல்லது. முழங்கால் ஒத்துழைத்தால் நான் ஷ்கோட்சியான் குகையைத்தான் சொல்வேன். 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நிலத்தடிப் பள்ளத்தாக்கில் ரேகா ஆறு இரைந்து ஓட, அதற்கு மேலே சுமார் 45 மீட்டர் உயரத்தில் சிறு பாலத்தில் நடந்து கடக்க வேண்டும். திவாச்சா ரயில் நிலையத்தில் இறங்கினால் மூன்று கிலோமீட்டர்தான். வெளியே எவ்வளவு வெயில் இருந்தாலும் சுவெட்டர் எடுத்துப் போங்கள்.

படி 5: பிளெட்

லுப்லியானாவிலிருந்து பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். ரயிலில் போனால் லெஸ்ட்சே பிளெட் நிலையம் ஏரியிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் பேருந்தே மேல்.

பிளெட்னா என்பது தட்டையான அடிப்பகுதி உள்ள மரப்படகு. படகோட்டி பின்னால் நின்றபடியே இரண்டு துடுப்பையும் தள்ளுவார். முதல் படகிலேயே போய்விடுங்கள், கூட்டம் வராது. ஏரி நடுவே உள்ள தீவில் இறங்கியதும், மேலே உள்ள தேவாலயத்துக்கு 99 படிகள். அங்கே கல்யாணம் செய்துகொள்ளும் மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏற வேண்டும், மேலே போகும்வரை பெண் வாய் திறக்கக் கூடாது என்பது வழக்கம்.

நாங்கள் போன அன்று ஒரு கல்யாணம். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை பாதி தூரத்தில் கைப்பிடிச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். பெண்ணை இறக்கவில்லை. அவர் நெற்றியிலிருந்து வேர்வை வழிய, அந்தப் பெண் உதட்டை இறுக்கி மூடியபடி தன் சால்வை நுனியால் துடைத்துவிட்டாள். கீழே நின்ற யாரும் பேசவில்லை. "என்னங்க, நாம அப்புறம் ஏறலாம்" என்று கணவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர்கள் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் நாங்கள் கால் வைத்தோம்.

கோயிலுக்குள் மேலிருந்து கயிறு தொங்கும். இழுத்து மணி அடித்தால் நினைத்தது நடக்கும் என்பார்கள். கணவனை இழந்த கோட்டைச் சீமாட்டி ஒருத்தி செய்வித்த மணி புயலில் படகோடு ஏரியில் மூழ்கியது, பிறகு போப்பாண்டவர் வேறு மணி அனுப்பினார் என்று கதை. இப்போதுள்ள மணி 1534இல் வார்த்தது. வெடுக்கென்று இழுத்தால் ஒலிக்காது. கயிற்றை நிதானமாக, முழு நீளத்துக்கு இழுத்து விடுங்கள்.

மாலையில் ஏரியைச் சுற்றி ஆறு கிலோமீட்டர் நடக்கலாம். நடுவில் க்ரெம்ஷ்னிதா சாப்பிடுங்கள். 1953 முதல் இந்த ஊரில் செய்யும் கேக் இது. ஏழு சென்டிமீட்டர் சதுரத்தில் கீழே கஸ்டர்டு, மேலே க்ரீம், அதற்கும் மேலே மொறுமொறுவென்று ஓர் ஏடு. ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்கும் போதும்.

படி 6: பிளெட்டிலிருந்து இரண்டு பகல்கள்

ஒரு நாள் போஹின் ஏரி. பேருந்தில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பிளெட்டைவிடப் பெரியது, அமைதியானது. ஏரியின் மறுமுனை வரை படகில் போய், அங்கிருந்து காட்டு வழியே நடந்தால் 78 மீட்டர் உயரச் சவிட்சா அருவி. கடைசியில் ஐந்நூற்றுக்கு மேல் படிகள் இருப்பதால் பிடிப்புள்ள செருப்பு வேண்டும்.

இன்னொரு நாள் ரயில். ஏரியின் மேற்குக் கரைக்கு மேலே பிளெட் யேஸெரோ என்ற சின்ன நிலையம் இருக்கிறது. அங்கிருந்து 1906இல் திறந்த மலைப்பாதையில் நோவா கோரிட்சா வரை போங்கள். ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கத்தைத் தாண்டியதும் சோச்சா ஆறு வந்து சேரும். அந்தப் பச்சை நிறம் ஊர் வந்து சேரும் வரை கூடவே வரும். ஊருக்குச் சற்று முன்னால் ஆற்றைக் கடக்கும் சோல்கன் பாலத்தின் கல் வளைவு 85 மீட்டர். நிலையத்துக்கு வெளியே உள்ள சதுக்கத்தின் குறுக்கேதான் இத்தாலிய எல்லை போகிறது. 2004 வரை அங்கே வேலி இருந்தது. இப்போது தரையில் ஓர் வட்டத் தகடுதான் அடையாளம். கணவர் இத்தாலியில் நிற்க, நான் ஸ்லோவேனியாவில் நின்று ஒரே ஆரஞ்சை உரித்துப் பங்கிட்டுக்கொண்டோம். திரும்பும் ரயில்கள் குறைவு. நேரத்தைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7: பிரான்

1797 வரை வெனிஸ் ஆட்சியில் இருந்த ஊர். வயலின் மேதை தார்த்தினி 1692இல் இங்கேதான் பிறந்தார். அவர் பெயரில் உள்ள சதுக்கம் ஒருகாலத்தில் படகுத்துறை. 1894இல் தூர்த்துச் சதுக்கமாக்கினார்கள். பார்க்க வேண்டிய பட்டியல் எதுவும் இங்கே வேண்டாம். மாலையில் மதில் மேல் ஏறி உட்காருங்கள், போதும். பக்கத்துச் செச்சோவ்லியே உப்பளத்து உப்பை வாங்கினால் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வேண்டாம்.

பிரானிலிருந்து லுப்லியானாவுக்குப் பேருந்தில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், விமான நிலையம் அதற்கும் அப்பால். அதனால் திரும்பும் விமானத்தை மாலைக்கு மேல் பதிவு செய்யுங்கள்.