கொழும்புக் கடலில் மூழ்கிய கப்பல்களைப் பார்க்க இறங்குவோருக்கு

காலிமுகத்திடலிலும் வெள்ளவத்தைக் கரையிலும் நின்று நாம் நாள்தோறும் பார்க்கும் கடலின் அடியில், வெவ்வேறு காலங்களில் மூழ்கிய கப்பல்கள் பல கிடக்கின்றன. அவற்றைக் காண வெளிநாடுகளிலிருந்து சுழியோடிகள் தேடி வருகிறார்கள். நம்மவர்களும் இறங்கிப் பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் கப்பலின் புகழைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காமல், தாம் பெற்ற பயிற்சி எந்த ஆழம் வரை அனுமதிக்கிறது என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேற்குக் கரையில் சுழியோடுவதற்கு உரிய காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரையாகும். மே மாதமளவில் கச்சான் காற்று வலுத்துவிட்டால் கடல் கொந்தளித்து, அடிமணல் கிளம்பி, நீர் கலங்கிவிடும். நல்ல பருவத்திலும், அடைமழைக்குப் பின் களனி கங்கை கொண்டுவரும் சேற்றினால் சில நாட்கள் பார்வைத் தூரம் குறைந்திருக்கும் என்பதால், மழை ஓய்ந்த மறுநாளே புறப்படாமல் பொறுத்திருப்பது நல்லது. காற்று எழுவதற்கு முன், அதிகாலையிலேயே படகேற வேண்டும்.

முதல் நிலைச் சான்றிதழ் பெற்றவர் 18 மீற்றர் வரையும், அடுத்த நிலைப் பயிற்சி முடித்தவர் 30 மீற்றர் வரையும் இறங்கலாம். பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீற்றர். ஆஸ்துமா, காதுநோய், இதயநோய் உள்ளவர்கள் பயிற்சியில் சேருமுன் மருத்துவரின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, 2012 ஓகஸ்டில் உருக்குப் பொருட்களுடன் மூழ்கிய ‘தெர்மோபைலே சியரா’வை. ஏறத்தாழ 20 மீற்றர் ஆழத்து மணலில் கிடந்தாலும் அதன் மேற்பகுதிகள் அதைவிட மிக மேலே இருப்பதால், 18 மீற்றரைத் தாண்டாமலே நிறையப் பார்க்கலாம். 2009இல் மூழ்கிய மாலைதீவுச் சரக்குக் கப்பலான ‘மெதுபாரு’ 30 மீற்றரளவில் இருக்கிறது. அது இரண்டாம் நிலைப் பயிற்சி பெற்றவர்களுக்கானது. முதல் உலகப் போரில் ‘வுல்ஃப்’ என்ற ஜெர்மன் கப்பல் கொழும்புக்கு வெளியே இட்டுச் சென்ற கண்ணிவெடிகளில் மோதி, 1917 பெப்ரவரியில் ‘வூஸ்டர்ஷயர்’, ‘பெர்சியஸ்’ ஆகிய இரு கப்பல்கள் மூழ்கின. வரலாற்றால் ஈர்க்கப்பட்டு இவற்றையே முதலில் கேட்பவர்கள் உண்டு. ஆனால் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கும் ‘வூஸ்டர்ஷயர்’, 40 மீற்றருக்கும் கீழே இறங்குவதற்கான தொழில்நுட்பச் சுழியோட்டப் பயிற்சி இல்லாத எவருக்கும் உரியதன்று.

ஆழத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் காற்றின் கணக்கு. ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது; அதற்கேற்ப மூச்சுக்குச் செலவாகும் காற்றும் கூடுகிறது. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் காற்றை உள்ளிழுக்கும் ஒருவருக்கு, 20 மீற்றரில் 60 லீற்றரும், 30 மீற்றரில் 80 லீற்றரும் தேவைப்படும். 11 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றில் 50 பாரை மேலேறுவதற்கென ஒதுக்கிவிட்டால், மீதி 20 மீற்றரில் 27 நிமிடங்களுக்கும், 30 மீற்றரில் 20 நிமிடங்களுக்கும்தான் போதும். பதற்றத்தில் மூச்சு வேகமானால் அதுவும் சுருங்கும். 30 மீற்றரை நெருங்கும்போது நைதரசனால் சிலருக்கு மயக்கம் போன்ற நிலை ஏற்பட்டு, அளவுமானியைப் பார்க்கவே மறந்துவிடுவார்கள். அப்போது துணைவருக்குச் சைகை காட்டிவிட்டுச் சில மீற்றர் மேலே வந்தால் தெளிவு திரும்பும்.

கப்பலை அடைந்ததும் முழுவதையும் சுற்றிவர முயலாமல் ஓரிடத்தில் நிதானமாக நில்லுங்கள். வெறும் மணல் பரந்த அடித்தரையில் இரும்பு ஒன்றுதான் ஒட்டிக்கொள்ளக் கிடைக்கும் கெட்டியான பிடிமானம் என்பதால், சிப்பியும் கடற்பஞ்சும் மென்பவளமும் அதை மூடிவிடுகின்றன. அவற்றை நாடிச் சிறுமீன்களும், சிறுமீன்களை நாடிப் பாரையும் கலவாயும் வருகின்றன. தகட்டின் அடிப்புறத்தை விளக்கொளியில் பாருங்கள்: சிங்கமீன் செட்டைகளை விசிறியாக விரித்து, வயிற்றை இரும்பின் பக்கம் வைத்துத் தலைகீழாக நிற்கும். குழாய்த் துளையிலிருந்து தலை நீட்டும் அஞ்சாலை வாயைத் திறந்து திறந்து மூடுவது உங்களைக் கடிப்பதற்கல்ல, செவுள்களுக்கு நீரைச் செலுத்தி மூச்சு விடுவதற்கே. கையை உள்ளே விடாதவரை அது உங்களை ஒன்றும் செய்யாது.

எதையும் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. கல்லைப் போலவே தோன்றும் கல்மீனின் முட்கள் நஞ்சுள்ளவை. குத்திவிட்டால் உடனே மேலேறி, பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை வெந்நீரில் காயத்தை அமிழ்த்தியபடி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிதைவுகளில் சிக்கிக் கிடக்கும் பழைய வலைகளுக்காகச் சிறு கத்தி ஒன்றை எட்டும் இடத்தில் வைத்திருங்கள். கப்பலின் உள்ளறைகளுக்குள் நுழைவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பவளத்தை உடைத்து எடுப்பது இலங்கைச் சட்டப்படி குற்றமாகும்.

மேலேறும்போது நிமிடத்துக்கு 9 மீற்றரை மிஞ்சாமல் ஏறி, 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரித்து நில்லுங்கள். படகில் முதலுதவிக்கான ஒட்சிசன் இருக்கிறதா என்பதைப் புறப்படுமுன்பே கேட்டு உறுதிசெய்ய வேண்டும்; இல்லையென்றால் வேறு சுழியோட்ட நிலையத்தைத் தேடுங்கள்.

விடுமுறைக்கு வந்திருக்கும் உறவினரை அழைத்துச் செல்வோர், பல முறை இறங்கிய பின் கட்டுநாயக்காவில் விமானமேற 18 மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும் என்பதைப் பயணத் திட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். காலையில் கடலில் இறங்கிவிட்டுப் பிற்பகலே நுவரெலியாவுக்கு வண்டியேறுவதும் அதே ஆபத்தைக் கொண்டது. 1,800 மீற்றருக்கு மேற்பட்ட அந்த உயரத்தில் அழுத்தம் குறைவதால் உடலில் தங்கிய நைதரசன் குமிழிகளாக வெளிப்படலாம். ஆகவே மலைநாட்டுப் பயணத்தைச் சுழியோட்டத்துக்கு முன்னதாக வைத்துக்கொள்வது நல்லது.