நாய்ச் சாப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் அந்த எலும்பு சூப்பை நிறுத்துங்கள்

சாக்லேட் கூடாது, காரக்குழம்பு கூடாது என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் புதிதாகக் குட்டி வாங்குபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் வேறு.

கால்சியத்துக்கு எலும்பு சூப்

ராஜபாளையமோ லேப்ரடாரோ, குட்டி வந்த வாரமே கறிக்கடையில் எலும்புக்குச் சொல்லி வைத்துவிடுகிறார்கள். குக்கரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரில் சோற்றைப் பிசைந்து வைத்தால் கால் உறுதியாகுமாம். எலும்பிலிருக்கும் கால்சியம் வெறும் தண்ணீரில் கரைவதே சொற்பம். சூப்பில் இறங்குவது பசையும் கொழுப்பும்தான். ஆறியதும் மேலே வெள்ளையாக உறைகிறதே, அது முழுக்கக் கொழுப்பு. கூடிப்போனால் வயிற்றுப்போக்கு, சில நாய்களுக்குக் கணைய வீக்கம் வரை கொண்டுபோகும்.

சூப்பை விட்டு, எலும்பில்லாத கோழிக்கறியும் சோறும் என்று மாறியவர்களும் தப்புவதில்லை. 100 கிராம் கறியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம். கால்சியம் 15 மில்லிகிராம் தேறினால் அதிகம். வளரும் குட்டிக்கோ பாஸ்பரஸைவிடக் கால்சியம் சற்றுக் கூடுதலாக வேண்டும். கிடைக்காவிட்டால் ரத்தத்துக்குத் தேவையானதை உடல் எலும்பிலிருந்தே உருவும். குட்டி கொழுகொழுவென்று இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. முன்னங்கால் லேசாக வளையும், எழுந்திருக்கத் தயங்கும், ஒருநாள் திண்ணையிலிருந்து குதித்ததும் கால் முறியும். "கீழ விழுந்துட்டான் டாக்டர்" என்று தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எலும்பு அதற்கு வெகுநாள் முன்பே பலமிழந்திருக்கும்.

வெந்த எலும்பையே போடுவது இன்னும் மோசம். கோழி எலும்பு வெந்தால் கூர்கூராகப் பிளந்து குடலைக் குத்தும். மென்று தின்றுவிட்டாலும் மலம் சுண்ணாம்புக் கட்டிபோல வெளுத்து இறுகி, நாய் முக்கிக்கொண்டே நிற்கும்.

முட்டை ஓடு போதும். கழுவி, 10 நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து மிக்ஸியில் மாவாக அரையுங்கள். விரலில் நறநறவென்றால் இன்னொரு சுற்று. வளர்ந்த நாய்க்குச் சமைத்த உணவு அரைக் கிலோவுக்கு அரை தேக்கரண்டி. குட்டிக்கு எடையும் இனமும் பார்த்து அளவு மாறும். கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் குட்டி உணவை மட்டும் தின்னும் லேப்ரடாருக்குக் கால்சியம் சிரப் வேண்டவே வேண்டாம். கூடுதல் கால்சியத்தை உறிஞ்சாமல் தள்ளிவிடும் திறன் சின்னக் குட்டிக்குக் கிடையாது. அதிலும் கால் கோணும்.

தட்டு நிறையச் சோறு

அரிசிக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் வரும் வினை. பாதியாவது கறி, மீன், முட்டை இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்கு குழைந்த சோறு. மீதி வேகவைத்த பரங்கிக்காய் அல்லது கேரட். உப்பு வேண்டாம்.

பச்சை மீன்

நாகப்பட்டினத்து மத்தியோ குளத்துக் கெண்டையோ, பச்சையாகத் தொடர்ந்து போட்டால் அதிலுள்ள நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும். வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. முள்ளை எடுத்துவிட்டு வையுங்கள். கருவாடு, ஒரே உப்பு. வேண்டாம்.

சாம்பார், பாயசம்

வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்; வெந்தாலும் அந்தக் குணம் போகாது. நாய் சோர்ந்து ஈறு வெளுக்கச் சில நாளாகும், அதற்குள் சாம்பார் சோறு ஊற்றியதே மறந்திருக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். விசேஷ வீட்டு மிச்சத்தை நாய்க்கு அள்ளிப் போடாதீர்கள்.

பால்

வேண்டாம். தயிர் இரண்டு ஸ்பூன், ஒத்துக்கொண்டால்.

ஒரே நாளில் உணவை மாற்றுவது

ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால். மலம் இளகினால் அந்த அளவிலேயே நிறுத்தி, இறுகிய பிறகு கூட்டுங்கள். குட்டிக்கு வயிற்றுப்போக்கோடு வாந்தியும் சேர்ந்தால் சாப்பாட்டின் மேல் பழிபோட்டுக் காத்திருக்காதீர்கள். பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.