டிரான்ஸ்பாண்டர் குத்தகை வருமானமும் இந்திய வரியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் உள்ள செயற்கைக்கோள் நிறுவனம் ஒன்று இந்தியத் தொலைக்காட்சிக்கு டிரான்ஸ்பாண்டரை (செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியை) வாடகைக்கு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்திய வரித்துறைக்கு அது வெளிநாட்டு நிறுவனம். அங்கே வரி எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை வாடகை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு விசாரிப்பதுதான் முதல் தவறு. ‘வரி போகக் கைக்கு 100’ என்று பேசி முடித்திருந்தால், 10% பிடித்தத்துக்கு வாடிக்கையாளரின் செலவு 111.11 ஆகிவிடும்; அப்புறம் சண்டைதான்.

அடுத்தது, ஒரே ஒரு தீர்ப்பை நம்பி இருப்பது. வாடிக்கையாளர் தரையிலிருந்து சிக்னலை அனுப்புகிறார். டிரான்ஸ்பாண்டர் அதைப் பெருக்கி, அலைவரிசையை மாற்றிக் கீழே அனுப்புகிறது. கருவி முழுக்க நிறுவனத்தின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. இதைப் பார்த்துத்தான் டெல்லி உயர் நீதிமன்றம் 2011-ல் ஏசியாசாட் வழக்கில் அந்தக் கட்டணம் ராயல்டி (உரிமையையோ கருவியையோ பயன்படுத்தத் தரும் பணம்; அப்படி ஆனால் இந்தியா வரி பிடிக்கலாம்) ஆகாது என்றது. உடனே இந்தியா 2012-ல் சட்டத்தைத் திருத்தி, கட்டுப்பாடு யாரிடம் இருந்தாலும் ராயல்டிதான் என்று 1976 வரை முன்தேதியிட்டது. 2016-ல் நியூ ஸ்கைஸ் வழக்கில் அதே நீதிமன்றம், உள்நாட்டுத் திருத்தத்தால் இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் பொருள் மாறாது என்றது.

‘அப்படியென்றால் நமக்கும் வரி இல்லை’ என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தத் தீர்ப்பு நெதர்லாந்து, தாய்லாந்து ஒப்பந்தங்களைப் பற்றியது. இந்தியா–சிங்கப்பூர் ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவில் தொழில், வணிக, அறிவியல் கருவிகளைப் பயன்படுத்தத் தரும் பணமும் ராயல்டிக்குள் வருகிறது. 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் வெரைசான் சிங்கப்பூர் வழக்கில் தனி இணைப்புக் கட்டணத்தையே (ஒரு வாடிக்கையாளருக்கென ஒதுக்கிய தகவல் தொடர்பு இணைப்புக்கான கட்டணம்) ராயல்டி என்றது. நமக்குரிய இந்தியா–சிங்கப்பூர் வரி ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தே ஆக வேண்டும்.

பணத்தில் அதிகம் அடிபடுவது வரிக்கழிவில்தான், அதாவது வெளிநாட்டில் கட்டிய வரியை உள்நாட்டு வரியில் கழித்துக்கொள்வதில். இந்தியாவில் பிடித்தது முழுவதும் சிங்கப்பூரில் கழியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 100 டாலர் வாடகையில் செலவு போக லாபம் 30 என்றால், 17% விகிதத்தில் சிங்கப்பூர் வரி 5.10 டாலர். இந்தியாவில் பிடித்தது மொத்தத் தொகையில் 10 டாலர். இந்த வருமானத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் கழிவு 5.10-ஐத் தாண்டாது, மிச்சம் நம் கையைக் கடிக்கும். வரி ஒப்பந்தம் அனுமதிப்பதைவிட அதிகமாகப் பிடித்திருந்தால், அந்தக் கூடுதல் தொகைக்கு சிங்கப்பூரின் உள்நாட்டு வருவாய் ஆணையம் கழிவு தராது. அதை இந்தியாவிடம்தான் திரும்பக் கேட்க வேண்டும். ‘எப்படியும் கழிந்துவிடும்’ என்று சும்மா இருப்பது ரொம்ப ஆபத்தான பழக்கம்.

நிறுவனம் வரிக்காகச் சிங்கப்பூரைச் சேர்ந்தது என்று காட்டும் குடியிருப்புச் சான்றிதழ் சின்ன விஷயமாகத் தெரியும். அது இல்லாவிட்டால் வரி ஒப்பந்தத்தின் 10% விகிதம் கிடைக்காது; 2023 முதல் இந்தியாவின் உள்நாட்டு விகிதம் 20%, அதற்கு மேல் கூடுதல் வரிகள். நிர்வாகமும் கட்டுப்பாடும் வெளிநாட்டில் இருந்தால், சிங்கப்பூரில் அலுவலகம் இருப்பதால் மட்டும் சான்றிதழ் கிடைக்காது. ஆணையம் அதைத் தருவது ஜனவரி–டிசம்பர் ஆண்டுக்கு. இந்திய நிதியாண்டோ ஏப்ரல்–மார்ச். ஆகவே ஒரு இந்திய நிதியாண்டுக்கு இரண்டு சான்றிதழ்களை முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள்.