கோழி உப்புக்கறியும் பீன்ஸ் பொரியலும்: அவசரத்தில் செய்கிற தவறுகள்

செட்டிநாட்டுச் சமையல் என்றாலே கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ என்று ஏகப்பட்ட சாமான்களை வறுத்து அரைக்க வேண்டும் என்று நினைத்து, வேலை முடிந்து ராத்திரி ஏழு மணிக்கு வீடு வருகிறவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. முதல் தவறே அதுதான். காரைக்குடிப் பக்கத்து உப்புக்கறிக்கு மசாலாப் பொடியே வேண்டாம். அரைக் கிலோ கோழிக்கு இரண்டு கைப்பிடி சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, எட்டு வரமிளகாய், ஒரு தக்காளி, கொஞ்சம் சோம்பு, மஞ்சள்தூள், உப்பு, இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். தோலை எடுத்துவிட்டால் கொழுப்பும் பெருமளவு போய்விடும். வெங்காயம் உரித்து வைத்திருந்தால் அரை மணி நேர வேலை.

இதற்கு பிராய்லர் கோழி போதும். நாட்டுக்கோழி நன்றாக இருக்கும்தான், ஆனால் அது வேக நேரம் கேட்கும், ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு தண்ணீர். நான் இதைச் செய்யப் பழகிய புதிதில், கழுவிய கறியை ஈரம் சொட்டச் சொட்ட ஒரு சின்ன வாணலியில் மொத்தமாகக் கொட்டி, அடிபிடிக்குமோ என்ற பயத்தில் அரை டம்ளர் தண்ணீரும் ஊற்றினேன். பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னத்தா, வதக்கச் சொன்னா அவிச்சுக்கிட்டு இருக்கே?" என்றார். அவர் சொன்னது அப்படியே சரி. வாணலியில் தண்ணீர் நிற்கிறவரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, கறி சிவந்து மணம் வருவதற்கோ 140 டிகிரியாவது வேண்டும். அதனால் கறியை நன்றாக வடியவிட்டு, அகலமான இரும்புச்சட்டியில், துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பிப் போடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கறியும் தக்காளியும் விடுகிற நீரே வேகப் போதும், மூடியைக் கடைசி ஐந்து நிமிடம் திறந்து வைத்தால் அதுவும் வற்றிவிடும்.

கழுவுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சைக் கோழியைக் குழாய்க்கு நேராகப் பிடித்துக் கழுவினால் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் மாதிரிக் கிருமிகள் தண்ணீரோடு தெறித்து, பக்கத்தில் நறுக்கி வைத்த காய்மேலும் விழும். கிருமியைக் கொல்வது வேக்காடுதான், கழுவுவது இல்லை. கழுவாமல் மனசு கேட்காது என்றால் பாத்திரத்தில் போட்டுத் தெறிக்காமல் அலசுங்கள், அப்புறம் தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்க்குத் தனிப் பலகை.

வரமிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டு, எண்ணெய் லேசாகச் சூடானதுமே போடுங்கள். புகையும் எண்ணெயில் போட்டால் நொடியில் கருகிக் கசந்துவிடும், அந்தக் கசப்பை அப்புறம் எதைச் சேர்த்தாலும் எடுக்க முடியாது.

பயத்தில் முக்கால் மணி நேரம் வேகவைப்பதும் வேண்டாம். துண்டின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் கோழி வெந்தாயிற்று. எலும்பில்லாத சின்னத் துண்டுக்குப் பதினைந்து நிமிடம் போதும், எலும்போடு என்றால் இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் போனால், முக்கியமாக நெஞ்சுக்கறி, சக்கையாகிவிடும்.

சரி, பொரியல். இங்கே நிறையப் பேர் செய்வது வரிசைத் தவறு. காயை முதலில் முடித்து மூடி வைத்துவிட்டுக் கோழியை ஆரம்பிக்கிறார்கள். மூடிய பாத்திரத்துக்குள் காய் தன் ஆவியிலேயே வெந்துகொண்டே இருக்கும், சாப்பிடும்போது துவண்டு கிடக்கும். கோழியை இறக்கிய பிறகுதான் பீன்ஸை அடுப்பில் ஏற்ற வேண்டும். கோழி பத்து நிமிடம் காத்திருந்தாலும் கெட்டுப்போகாது, பீன்ஸ் காத்திருக்காது.

பீன்ஸைக் கழுவித் துணியில் துடைத்து, பொடியாக இல்லாமல் சாய்வாக நீளமாக நறுக்குங்கள். ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு, உளுந்து தாளித்து, பெரிய தீயில், மூடாமல், ஐந்தாறு நிமிடம் புரட்டினால் நறுக்கென்று கடிபடும். உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் காய் நீர்விட்டு, வதங்குவதற்குப் பதிலாக அவிய ஆரம்பித்துவிடும். தேங்காய்த்துருவல் அடுப்பை அணைத்த பிறகு. எலுமிச்சை பிழிகிறவர்கள் தட்டில் போட்டபின் பிழியுங்கள், சூட்டில் புளிப்புச் சேர்ந்தால் பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகும்.

பீன்ஸ் இல்லாத அன்று வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி போதும், உப்பை மட்டும் சாப்பிட உட்காரும்போது சேருங்கள்.