மழைக்குளிரில் குதிரையும் நிலமும்: சேற்றை முன்கூட்டியே தடுப்பது எப்படி?

குளிர்கால மழையில் மேய்ச்சல் நிலம் சேறாவதற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஈர மண், லத்தி (குதிரைச் சாணம்), குளம்பின் மிதி மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் சேறு உருவாகிறது. இவற்றைப் பிரித்து வைப்பதுதான் நம் வேலை. மழை தொடங்கும் முன்பே இறங்கிவிடுங்கள். சேறான பிறகு கொட்டும் ஜல்லி மண்ணுக்குள் புதைந்து காணாமல் போய்விடும்.

படி 1: ஒரு துண்டு நிலத்தை விட்டுக்கொடுங்கள்

புதியவர்கள் மிகவும் தயங்குவது இதற்குத்தான். 500 கிலோ எடையுள்ள குதிரை ஈர நிலத்தில் நடந்தால் மண்ணின் காற்றிடைவெளிகள் நசுங்கி, நீர் கீழே இறங்காமல் தேங்கும். புல்லும் வேரோடு பெயரும். குளிரில் புல் வளர்ச்சி மந்தம் என்பதால் அந்தச் சேதம் மாதக்கணக்கில் ஆறாது. முழு நிலத்தையும் கெடுப்பதைவிட, லாயத்தை ஒட்டி மேடாக உள்ள, ஓடையிலிருந்து தள்ளி இருக்கும் ஒரு சிறு பகுதியை வேலியிட்டுப் பிரித்து, குதிரைகளை அங்கே விடுங்கள்.

அங்கே மேல்மண்ணை வழித்தெடுத்து, ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரைக் கீழே விடும் செயற்கை இழை விரிப்பு) விரித்து, அதன்மேல் சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஜல்லி பரப்பி, மேலே பொடிஜல்லி போட்டு இறுக்குங்கள். துணியைத் தவிர்க்காதீர்கள், ஜல்லியை மண்ணோடு கலக்கவிடாமல் தாங்குவது அதுதான். செலவு கட்டுப்படியாகாவிட்டால் வாயிலையும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள இடத்தையும் மட்டுமாவது செய்யுங்கள். அதிகம் மிதிபடுவது இவைதான்.

மேய்ச்சலுக்கு எப்போது திறக்கலாம்? குதிகாலை ஊன்றிப் பாருங்கள். தண்ணீர் ஊறினால் இன்னும் நேரம் வரவில்லை. திறந்த பிறகும் புல் 8 சென்டிமீட்டருக்குக் கீழே போகும் முன் குதிரைகளை வெளியேற்றிவிடுங்கள்.

படி 2: கூரை நீரைத் திருப்புங்கள்

100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர் நீர் வழியும். அது லாய வாசலில் கொட்டினால் மற்ற முயற்சிகள் எல்லாம் வீண். கூரை விளிம்பில் தூம்பு பொருத்தி, குழாய் வழியாக நீரை வேறு பக்கம் கொண்டுபோங்கள்.

படி 3: லத்தியைத் தினமும் அள்ளுங்கள்

ஒரு குதிரை நாளொன்றுக்கு 20 கிலோ அளவுக்குக் கழிவு தரும். குவியலைக் கிணறு, ஓடைகளிலிருந்து விலக்கி, தார்ப்பாயால் மூடிவையுங்கள். திறந்து கிடந்தால் மழை அதன் சாரத்தை நீர்நிலைக்கு இழுத்துச் சென்றுவிடும்.

படி 4: குதிரையின் உடல்

உலர்புல்லின் நார்ச்சத்து குடலில் நொதிக்கும்போது உடலுக்கு வெப்பம் கிடைக்கிறது. எனவே குளிர் கூடினால் தானியத்துக்கு முன் உலர்புல்லைக் கூட்டுங்கள். நனைந்த ரோமம் குளிரைத் தடுக்காது. ஒதுங்க உலர்ந்த கூரை எப்போதும் வேண்டும். காலில் ஒட்டிய சேற்றைத் தினமும் கழுவுவது நல்ல பழக்கம்போல் தோன்றும். ஆனால் ஓயாத ஈரம் தோலை ஊறவைத்து, கிருமிகளுக்கு வழி திறந்துவிடும். சேற்றைக் காயவிட்டுத் தூரிகையால் தட்டி எடுங்கள். குளம்பின் அடியைத் தினமும் சுரண்டிப் பாருங்கள். கறுத்த கசிவும் துர்நாற்றமும் இருந்தால் அது அழுகலின் அறிகுறி. காலில் புண்ணோ வீக்கமோ, நடையில் நொண்டலோ தெரிந்தால் அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.