ஒரு சர்வரின் பயாஸ் அமைப்பை மற்றவற்றுக்கு நகலெடுக்க

ஒரே மாடல் சர்வர் பத்து வந்திறங்கினால், ஒவ்வொன்றின் பயாஸ் (கணினி தொடங்கும்போது வன்பொருளை அமைக்கும் அடிப்படை மென்பொருள்) திரையிலும் உட்கார்ந்து பட்டன் தட்ட வேண்டாம். ஒன்றை மட்டும் சரியாக அமைத்துக்கொள்ளுங்கள். டெல் சர்வர் என்றால் ரேக்கேடிஎம் (racadm) கட்டளையால் அதன் அமைப்புகளை எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து, சின்ன ஸ்கிரிப்ட் லூப் ஒன்றில் மற்றவற்றுக்கு ஏற்றிவிடலாம்.

ஏற்றும் முன் கோப்பைத் திறந்து பாருங்கள். ஐடிராக்கின் (சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க டெல் உள்ளே வைத்திருக்கும் சிப்) நிலையான ஐபி முகவரி உள்ளே இருந்தால் நீக்குங்கள். இல்லையென்றால் பத்தும் ஒரே முகவரிக்கு மல்லுக்கட்டும் (நான் பட்டிருக்கிறேன்). ரெய்டு (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பு) பகுதியையும் கோப்பிலிருந்து நீக்கிவிடுங்கள், வட்டிலுள்ள தரவு அழிந்துபோகலாம். ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். வேறுபட்டால் சில அமைப்புகள் ஏறாது.

அப்புறம், பயாஸ் மாற்றங்கள் மறுதொடக்கத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். முதலில் ஒரே ஒரு சர்வரில் ஏற்றிப் பாருங்கள்.